அப்பாவுக்குப் படைத்த போத்தல்

குவைத்
12.10.2008

திரௌபதை அம்மன் துணை

அன்பான அண்ணனுக்கு,

தங்கச்சி செல்லத்தங்கம் எழுதுகிறேன். உடம்புக்குப் பெரிதாக ஒரு குறையும் இல்லை. முழங்கால் மட்டும் இந்த வீட்டு மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. உங்களுக்கு இருமல் விட்டதா, மச்சாளின் கை வீக்கம் வற்றியதா, என் மகன் துசாந் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று எழுதவும்.

பாண்டிருப்பில் தீமிதிப்பு முடிந்திருக்கும். போன வருடம் துசாந் தீக்குழியில் இறங்கியதைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் இன்னும் என் தலையணைக்குக் கீழேதான் கிடக்கிறது. இம்முறையும் இறங்கினானா? ஒவ்வொரு வருடமும் இறங்குவான் என்று அம்மனுக்கு நேர்ந்தவள் நான். தொலைபேசியில் கேட்கலாம் என்றால், மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஐந்து நிமிடம்தான். அதற்கும் மேடம் பக்கத்தில் நின்று மணிக்கூட்டைப் பார்ப்பா.

அடுத்த வருடம் மார்கழியில் அவனுக்கு ஓ.எல். பரீட்சை. பதினைந்து வயதாகிறது. தகப்பன் இல்லாத பிள்ளை என்று நீங்களும் மச்சாளும் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். அவன் நாலு எழுத்துப் படித்துவிட்டால் நான் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நாப்பி மாற்றியது வீண் போகாது.

இனி முக்கியமான விடயம். வருகிற மார்கழிப் பூரணையில் துசாந்தின் அப்பாவுக்குத் திவசம். சுனாமி வந்து நாலு வருடமாகப் போகிறது. எந்தத் திகதி என்று ஐயரிடம் கேட்டு எழுதவும். அவருக்கு விருப்பமானது எல்லாம் வையுங்கள். கணவாய்க் கறி, பொரித்த சூடை மீன், முருங்கையிலைச் சுண்டல். போத்தலை மறக்கவேண்டாம். பூரணை போயா விடுமுறை நாள், சாராயக்கடை பூட்டியிருக்கும். முதல்நாளே வாங்கி வீட்டில் வையுங்கள். வழக்கம்போலத் துசாந்தே தன் கையால் கிளாசில் ஊற்றி வைக்கட்டும். படைத்து முடிந்ததும் அவனே முதல் மிடறு எடுக்கட்டும். பெற்ற பிள்ளை எடுத்தால்தான் தகப்பனுக்குப் போய்ச் சேரும் என்று எங்கள் அப்பா சொல்வார். தோணியைக் காப்பாற்ற ஓடிப்போய்க் கடலோடு போன மனிசன். வருடத்தில் ஒரு நாளாவது அவர் தாகம் தீரட்டும்.

மச்சாளுக்கு என் அன்பு. துசாந்தின் தலையைத் தடவிவிடவும்.

உங்கள் தங்கச்சி
செல்லத்தங்கம்

●

பாண்டிருப்பு
09.11.2008

அம்மன் துணை

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் புண்ணியமூர்த்தி எழுதுவது. உன் கடிதம் பதினெட்டு நாள் ஊர்சுற்றி வந்து சேர்ந்தது. இங்கே நாங்கள் எல்லோரும் உன் புண்ணியத்தில் சுகம். என் இருமல் விடவில்லை, பழகிவிட்டது. மச்சாளின் கை வற்றிவிட்டது, வாய்தான் வற்றவில்லை.

மாரி தொடங்கிவிட்டது. சுனாமி வீட்டுத்திட்டத்தில் கட்டித் தந்த கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஆடு மூன்று குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. கடலில் கீரி மீன் கொஞ்சம் படுகிறது. முத்தலிப் நானா புதிய வலை இறக்கியிருக்கிறார், நானும் அவருடைய கரைவலைக்குத்தான் போகிறேன். கிழக்கு வேலியைப் பிடுங்கித் திரும்ப நட்டேன். நட்ட கதியால் தடியெல்லாம் துளிர்த்துவிட்டது.

துசாந் இம்முறை தீக்குழியில் இறங்கவில்லை. காலில் சிப்பி வெட்டிய காயம். அடுத்த வருடம் இறங்கலாம், அம்மன் எங்கே போகப்போகிறா. நன்றாக உயர்ந்துவிட்டான், என் தோளுக்கு மேல் நிற்கிறான். பள்ளிக்கூடம் போய்வருகிறான்.

ஊரில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஆண் பிள்ளைகளைத் தெருவில் காண்பதில்லை. தோளில் துவக்கோடு ஆயுதக்காரர் வந்து வீட்டில் எத்தனை பொடியன்மார் என்று கேட்கிறார்கள். யார் எவர் என்று நாங்கள் கேட்பதில்லை. ஆனால் துசாந்தைப் பற்றி நீ பயப்படவேண்டாம். அவனைக் கேட்டு ஒருவரும் வரமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

திவசம் ஜனவரி பத்தாம் திகதி வருகிறது. நீ சொன்னபடி எல்லாம் செய்வோம். நேரத்துக்குச் சாப்பிடு, முழங்காலுக்கு எண்ணெய் போடு.

அண்ணன்
புண்ணியமூர்த்தி

●

குவைத்
14.12.2008

அம்மன் துணை

அன்பான அண்ணனுக்கு,

சுகம் கேட்டுச் சுகம் சொல்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைக்கிறது. வேறு குறை இல்லை.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கூரைக்கும் ஆட்டுக்கும் வேலிக்கும் ஒரு பந்தி எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைக்கு நாலு வரிதான். சிப்பி வெட்டியது வலக்காலா, இடக்காலா? பெற்றவளுக்கு அதுகூடத் தெரியக் கூடாதா?

போன வெள்ளிக்கிழமை அவனோடு கதைத்தேன். அங்கே பின்னேரம் நாலு மணி இருக்கும். "சாப்பிட்டயா மன?" என்று மகனைக் கேட்டேன். "ஓம்மா" என்றான். "படிக்கிறயா?" என்றேன். "ஓம்மா" என்றான். பிறகு நான் ஒன்றும் சொல்லாமலே சிரித்தான். நாக்குத் தடித்த மாதிரி ஒரு கதை. ஒரே சொல்லை இரண்டு தரம் சொன்னான். அந்தக் குரலை எனக்குத் தெரியும் அண்ணன். பதினாலு வருடம் அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவள் நான். பிறகு யோசித்தேன். குரல் உடைகிற வயது, தகப்பனின் குரல் பிள்ளைக்கு வருவது புதுமையா? வீணாக மனதைக் குழப்பிக்கொள்கிறேன் என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆனாலும் ஒரு வரி எழுதுங்கள். அவன் நல்லாய்த்தான் இருக்கிறான் என்று, ஆடு குட்டி போட்ட கதை இல்லாமல், ஒரே ஒரு வரி.

காரைதீவுக்குப் போகும் ஒரு பிள்ளையிடம் அவனுக்குக் கைமணிக்கூடு ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். திவசத்தன்று கட்டிக்கொள்ளச் சொல்லவும். போத்தலை முதல்நாளே வாங்கிவிடுங்கள்.

தங்கச்சி
செல்லத்தங்கம்

●

பாண்டிருப்பு
18.01.2009

அம்மன் துணை

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கு ஒரு நோய்நொடி அணுகக்கூடாது என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். நாங்கள் சுகம்.

திவசம் சிறப்பாக முடிந்தது. ஐயர் நேரத்துக்கு வந்தார். கணவாய் கிடைக்கவில்லை, இறால் வைத்தோம். மற்றதெல்லாம் நீ சொன்னபடிதான். பதினெட்டுப் பேர் சாப்பிட்டார்கள். குணம் மச்சானை நினைத்து எல்லோரும் நல்லபடியாகக் கதைத்தார்கள். மழையும் அன்று விட்டுத் தந்தது. மச்சாள் இனிப்புக்கு வட்டிலப்பம் செய்தா, கொஞ்சம் இறுகிப் போய்விட்டது.

மணிக்கூடு கிடைத்தது. துசாந்துக்குக் கொஞ்சம் காய்ச்சல், அதனால் அவன் தனியாக எழுதவில்லை. முத்தலிப் நானாவும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இப்போது பரவாயில்லை.

வடக்கே சண்டை கடுமையாம். இங்கே சோதனைக்கு மேல் சோதனை. கடலுக்குப் போகவும் பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது.

மிச்சம் பிறகு எழுதுகிறேன்.

அண்ணன்

●

குவைத்
15.02.2009

அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சாதாரணக் காய்ச்சல் என்றால் கல்முனைக்குடியிலிருந்து முத்தலிப் நானா ஏன் வந்து பார்த்தார்? அவர் வலையையும் பள்ளிவாசலையும் விட்டு ஒரு இடத்துக்கும் அசையாத மனிதர்.

போன வெள்ளிக்கிழமை எடுத்தேன். மச்சாள்தான் கதைத்தா. "துசாந் பள்ளிக்கூடம் போயிட்டான் புள்ள" என்றா. அங்கே பின்னேரம் ஐந்து மணி. எந்தப் பள்ளிக்கூடம் ஐந்து மணிக்கு நடக்கிறது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நீங்கள் இருவரும் சோறும் இல்லாமலே மறைக்கப் பார்க்கிறீர்கள்.

என் பிள்ளைக்கு என்ன? அதை மட்டும் எழுதுங்கள்.

செல்லத்தங்கம்

●

குவைத்
20.03.2009

மதிப்புக்குரிய முத்தலிப் நானாவுக்கு,

நீங்களும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் வலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்த குணத்தின் மனைவி செல்லத்தங்கம் எழுதுகிறேன். எங்கள் ஆட்கள் பலர் மறந்ததுபோல நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அண்ணன் என் கடிதத்துக்குப் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். ஜனவரியில் துசாந்தை நீங்கள் போய்ப் பார்த்ததாக ஒரு வரி எழுதியிருந்தார். என்ன பார்த்தீர்கள் நானா? நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். ஓடிவர முடியாது, என் பாஸ்போர்ட் மேடத்தின் அலுமாரிக்குள் இருக்கிறது. பொய் சொல்லி ஆறுதல் தருவதற்கு எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் உண்மையை எழுதுங்கள்.

அன்புத் தங்கச்சி
செல்லத்தங்கம்

●

கல்முனைக்குடி
07.04.2009

786

தங்கச்சி செல்லத்தங்கத்துக்கு,

ஆண்டவன் உங்களுக்குத் தேக சுகத்தையும் தைரியத்தையும் தரவேண்டும். இந்தக் கடிதத்துக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படும்.

அடுத்த வீட்டுக் கதையைக் கடிதத்தில் எழுதுகிற ஆள் நான் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

ஜனவரி பதினோராம் திகதி, திவசத்துக்கு அடுத்த நாள், விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து, கடற்கரையில் வலைக்காரர் தங்கும் வாடிக்குப் போனேன். குணம் இருந்த காலத்து வாடி சுனாமியோடு போய்விட்டது. அதே இடத்தில்தான் இப்போதும் ஓலைக் கொட்டில் போட்டிருக்கிறோம். வாசலில் துசாந் குப்புறக் கிடந்தான். முகம் மணலுக்குள். அலை வந்து முழங்கால் வரைக்கும் நனைத்துவிட்டுப் போகிறது, அவனுக்குத் தெரியவில்லை. வாயில் வாந்தி அடைத்திருந்தது. விரலை விட்டு எடுத்தேன். ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இன்னும் அரை மணி போயிருந்தால் கதை முடிந்திருக்கும் என்றார் டொக்டர்.

விசாரித்ததில், திவசப் போத்தலில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு அவனும் கிசோக் என்ற பொடியனும் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அது முடிந்திருக்கிறது. போயா நாள், கடை இல்லை. களவாகக் காய்ச்சிய கசிப்பு விற்கிற ஒரு வீட்டில் போய் வாங்கியிருக்கிறார்கள். கிசோக் கொஞ்சத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டான். கசிப்பில் என்னத்தைக் கலந்தார்களோ, அது கண்ணைத் தாக்கிவிட்டது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். உயிருக்கு இப்போது பயமில்லை. பார்வைதான் மங்கல். தெளியும் என்றும் சொல்கிறார்கள், இவ்வளவுதான் என்றும் சொல்கிறார்கள்.

இது முதல் நாள் இல்லை தங்கச்சி. ஒரு வருடத்துக்கு மேலாகக் குடிக்கிறான். எங்களுக்கு அது ஹராம். ஆனால் இருபத்தைந்து வருடம் வலை நடத்துகிறவனுக்குக் குடித்தவனின் நடை தூரத்திலேயே தெரியும். சனிக்கிழமைகளில் கயிறு இழுக்க வருவான். ஒருநாள் கூப்பிட்டு, "இந்த வயசில என்ன மன வேல இது?" என்று கேட்டேன். "எங்கட அப்பாக்கு மட்டும் நீங்க சொல்லலியே நானா" என்றான். நான் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டேன்.

உண்மைதான். நான் ஒரு நாளும் போத்தல் வாங்கிக் கொடுத்ததில்லை. மீன் நிறையப் பட்ட நாளில் கூலிக்கு மேலே கொஞ்சம் கொடுப்பேன், அதில் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் பங்கை நான் மறைக்கவில்லை. இப்போது குடித்தவனுக்கு என் வலையில் கயிறு இல்லை என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் வேறு வலைக்குப் போய்விட்டார்கள், போகட்டும்.

அண்ணனோடு அதிகம் கோபிக்கவேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் அவர் இருந்த இருப்பை நான் கண்டேன்.

உங்கள் நானா
முத்தலிப்

●

குவைத்
26.04.2009

அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தை இன்று கேட்க மனம் வரவில்லை.

நானாவின் கடிதம் கிடைத்தது. குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு வாசித்தேன். மேடத்தின் சின்ன மகள் கதவைத் தட்டித் தட்டிக் களைத்துப் போனாள்.

வட்டிலப்பம் இறுகிப் போனதை எழுதினீர்கள். என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கண் தெரியாமல் கிடந்ததை எழுதவில்லை. அதே நாட்கள் அண்ணன், நீங்கள் அந்தக் கடிதத்தை எழுதிய அன்று அவன் கட்டிலில் கிடந்தான். உங்களை நம்பித்தானே அவன் கையைப் பிடித்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்? ஒரு வருடமாகக் குடிக்கிறான் என்று ஊருக்கே தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது. அவனுக்கு முதலில் ஊற்றிக் கொடுத்தது யார்? அந்தக் கையை நான் அறியவேண்டும். எந்தக் கை என்று எழுதுங்கள்.

மே மாதம் நான் தொலைபேசி எடுக்கமாட்டேன். ஐந்து நிமிடம் எவரும் நல்லவராக நடிக்கலாம். எழுதுங்கள். அவனையும் எழுதச் சொல்லுங்கள்.

செல்லத்தங்கம்

●

பாண்டிருப்பு
24.05.2009

அம்மன் துணை

தங்கச்சிக்கு,

நீ என் சுகத்தைக் கேட்காதது சரிதான். ஆனாலும் நீ சுகமாக இருக்கவேண்டும்.

போன கிழமை சண்டை முடிந்துவிட்டது என்று சந்தியில் வெடி கொளுத்தினார்கள், வாகனத்தில் போகிறவர்களை மறித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். வெடிச் சத்தத்துக்குள் இருந்துதான் இந்தக் கடிதத்தை எழுத நினைத்தேன். இன்றுதான் கை வந்தது.

சிப்பி வெட்டிய காயம் பொய். தீக்குழிக் கரையில் பூசாரி அவனை நிறுத்தி, வாயை ஊதிக் காட்டச் சொன்னார். ஊதினான். "போ மன வீட்ட" என்றார். மஞ்சள் உடுப்போடு அத்தனை சனத்துக்கு நடுவே திரும்பி நடந்தான். பின்னால் போக நான் வெட்கப்பட்டு நின்றுவிட்டேன்.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாய். இரண்டாயிரத்து ஏழில் பக்கத்து வளவு வேலப்போடியின் பேரனைச் சந்தியில் வைத்துக் கொண்டு போனார்கள். துவக்குத் தூக்க வைக்கத்தான் என்றது ஊர், இன்றுவரை அவன் திரும்பவில்லை. பிறகு ஒரு பின்னேரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். துசாந் வெறியில் விறாந்தையில் படுத்திருந்தான். அதுதான் நான் அவனை அப்படிக் கண்ட முதல் நாள், அடிக்கத் தடி தேடிக்கொண்டிருந்தேன். வந்தவன் அவனைக் காலால் புரட்டிப் பார்த்தான். "இது ஒண்டுக்கும் உதவாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் தடியைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன் தங்கச்சி. அதற்குப் பிறகு அவன் குடித்துவிட்டு வந்தால் கண்டும் காணாமல் இருந்தேன். குடிகாரப் பொடியன் என்று பெயர் பரவினால் நல்லது என்றுகூட இருந்தேன். துவக்குக்குக் கொடுப்பதைவிடப் போத்தலுக்குக் கொடுக்கலாம், துவக்கு திருப்பித் தராது, போத்தல் திருப்பித் தரும் என்று கணக்குப் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

முதலில் ஊற்றிக் கொடுத்த கையைக் கேட்டிருக்கிறாய். நான் கொடுக்கவில்லை. முதலாம் திவசத்தில் அவனுக்குப் பன்னிரண்டு வயது. நீ புறப்படுவதற்கு முன்பு நீயே பக்கத்தில் நின்று, "அப்பாக்கு ஊத்து மன, நீ ஒரு மிடறு எடு" என்றாய். இருமினான். எல்லோரும் சிரித்தோம், நான்தான் முதுகில் தட்டி, "தகப்பன்ட புள்ள" என்றேன். அடுத்த வருடம் இருமவில்லை. அதற்கடுத்த வருடம் கிளாசை வெறுமையாக்கினான். போன வருடம் திவசம் எப்போது என்று என்னிடம் அவனே கேட்டான். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. ஓதியவர் ஐயர், வாங்கியது நான், சொன்னது நீ. ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

மற்றதை அவன் எழுதுவான். எனக்கே போன மாதம்தான் சொன்னான். எழுத்துப் பெரிதாகவும் கோணலாகவும் இருக்கும். கண் அவ்வளவுதான் தெரிகிறது, கோபிக்காதே.

அண்ணன்
புண்ணியமூர்த்தி

●

(அதே உறைக்குள், கொப்பித் தாளில்)

அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா? முழங்கால் எப்படி?

கரும்பலகை எனக்குத் தெரிவதில்லை. முன் வாங்கில் இருக்கிறேன். பக்கத்தில் இருப்பவன் வாசித்துச் சொல்வான். ஜனவரிக்குப் பிறகு குடிக்கவில்லை. இல்லை, சித்திரை வருடப்பிறப்பன்று ஒரு தரம் குடித்தேன். அதையும் எழுது என்று மாமா சொன்னார்.

அம்மா, நான் ஒன்று சொல்லவேண்டும். சுனாமி அன்று காலையில் நீங்கள்தான் என்னை அனுப்பினீர்கள். "அப்பாவ எழுப்பிக் கூட்டிட்டு வா மன, தேத்தண்ணி ஆறுது" என்றீர்கள். அப்பா வாடிக்குள் படுத்திருந்தார். தோளைப் பிடித்து ஆட்டினேன். "போடா வாறன்" என்றார். திரும்பவும் ஆட்டினேன். கண் திறக்கவில்லை. தலைமாட்டில் போத்தல் கிடந்தது. வெளியே கடல் பின்னால் போயிருந்தது, மண்ணில் மீன் துடித்தது. பிறகு எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அப்பாவின் இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். அசைக்க ஏலவில்லை. நான் விட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

உங்களைக் கண்டபோது, "அப்பா தோணியப் பாக்கப் போனாரா?" என்று கேட்டீர்கள். நான் ஓம் என்றேன். அப்பா தோணிக்குப் போகவில்லை அம்மா. எழும்பவே இல்லை.

ஒவ்வொரு திவசத்துக்கும் அந்தக் கிளாசில் நான்தான் ஊற்றவேண்டும். ஊற்றுகிறபோது அப்பாவைத் திரும்பவும் படுக்க வைக்கிற மாதிரி இருக்கும். குடித்தால் கொஞ்ச நேரம் அது தெரியாது. அதற்காகத்தான் முதலில் குடித்தேன். பிறகு சும்மாவும் குடித்தேன்.

இந்த முறை திவசத்தன்று இரவு அப்பா படுத்த இடத்தில் நானும் படுத்தேன். தண்ணீர் வந்தால் எழும்ப ஏலுமா என்று பார்க்க நினைத்தேன். தண்ணீர் வந்தது தெரியும். எழும்ப வேண்டும் என்றும் தெரியும். கையும் காலும் கேட்கவில்லை. அப்பாவும் எங்களிடம் வரத்தான் நினைத்திருப்பார் என்று அப்போது தெரிந்தது.

நான் விட்டுவிட்டு ஓடியதற்கு நீங்கள் என்னோடு கோபமா?

துசாந்

●

குவைத்
14.06.2009

என் மகன் துசாந்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ சுகமாக இரு. என் முழங்கால் நன்றாக இருக்கிறது. இனி அதைப் பற்றி யாரும் கேட்கவேண்டாம்.

எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாத இடத்தை மாமாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல். அவருக்கு முன்னால் வாசித்தாலும் பரவாயில்லை, அவரும் கேட்கவேண்டியதுதான்.

உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. நீ ஓடியதால்தான் எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. நீ அந்தக் காலைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் இரண்டு பேருக்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

நீ உண்மையை எழுதிவிட்டாய். இனி நானும் எழுதவேண்டும். அப்பா முதல்நாள் இரவு வீட்டுக்கு வரவில்லை. எங்கே, எப்படிக் கிடப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் "எழுப்பிக் கூட்டிட்டு வா" என்றேன். வேறு நாட்களில் நானே போய் எழுப்புவேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடற்கரை முழுக்க ஆட்கள். குடித்துக் கிடக்கிற புருசனை அத்தனை பேருக்கு முன்னால் உலுப்பி எழுப்ப வெட்கப்பட்டேன். என் வெட்கத்துக்காகப் பதினொரு வயதுப் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பினேன். தோணிக் கதையும் என்னுடையதுதான். நீ அழுதுகொண்டு ஓடிவந்தாய், உன் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்தது. அதை நீ சொல்லிவிடக்கூடாது என்றுதான் நான் முந்திக்கொண்டு தோணியைக் கேட்டேன். நீ ஓம் என்றாய். அந்த ஓமை வைத்துக்கொண்டு நாலு வருடம் ஊருக்குத் தலை நிமிர்த்தினேன். பாரத்தை நீ சுமந்தாய்.

அதற்கு மேலே, எந்தப் போத்தல் அவரை எழும்பவிடவில்லையோ அதையே வருடா வருடம் வாங்கச் சொல்லி, உன் கையில் கொடுத்து ஊற்றச் சொன்னேன். ஊற்றிக் கொடுத்த கை எது என்று மாமாவைக் கேட்டு எழுதினேன். அது என் கைதான் மன. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். துவக்குக்குப் பயந்த மனிசன், அவர் பயத்தையும் நான் கேட்டிருக்க வேண்டும்.

வருகிற மார்கழிப் பூரணைக்கு வீட்டில் போத்தல் இல்லை. அன்று காலையில் அப்பாவுக்கு ஊற்றி வைத்த தேத்தண்ணி அடுப்படியில் ஆறிப் போனது. அதைத்தான் திரும்பவும் போட்டு வைப்பேன், இஞ்சி போட்டு, சீனி கூட. நான்தான் ஊற்றுவேன். நீ ஒன்றும் ஊற்றவும் வேண்டாம், முதல் மிடறு எடுக்கவும் வேண்டாம், பக்கத்தில் இரு. அப்பாவுக்குக் கோபம் வந்தால் என்னோடு கோபிக்கட்டும். எங்கள் சண்டை உனக்கு வேண்டாம்.

சித்திரையில் ஒரு தரம் குடித்ததை மறைக்காமல் எழுதினாய். இன்னும் ஒரு தரம் வாய் கேட்கும். அப்போதும் எழுது, அல்லது முத்தலிப் நானாவிடம் போய் வலையைப் பிடித்துக்கொண்டு நில். பரீட்சை இந்த வருடம் எழுத முடியாவிட்டால் அடுத்த வருடம் எழுதலாம். கண்ணுக்குத் தந்த மருந்தை விடாமல் போடு.

மேடத்திடம் கதைத்தேன். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றா. என் மகன் கடற்கரையில் கிடந்ததைச் சொன்னேன். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நாலாம் நாள் அவவின் மகன் படியில் விழுந்து அழுதான், நான் தூக்கினேன். அன்று பின்னேரம் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா.

ஜூலை பதினேழாம் திகதி கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்குவேன். கல்முனை பஸ் விடியற்காலையில்தான் வந்து சேரும். சந்திக்கு வந்து காத்து நிற்கவேண்டாம், படுத்துக்கொள். யாரையும் அனுப்பமாட்டேன். நானே வந்து தோளைத் தொட்டு எழுப்புவேன். நீ எழும்பவேண்டும்.

உன் அம்மா
செல்லத்தங்கம்